5 வருஷம் காத்திருந்தால் 600 ரூபாய்
வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த ஒரு விஷயத்துக்கே தனி இதழ் போடலாம் போல இருக்கிறது. சமையல், சினிமா, ஜாதகக் கேள்வி அனுப்பியவர்கள் எல்லாம் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

குலசேகரம் வாசகர்: அண்ணாச்சி, எங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்ட ஆள் கிடையாது. மரம் சும்மா நிற்கிறது. ஆனால் படித்துவிட்டு வேலை இல்லை என்று சொல்கிற பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. அரசாங்கம் சும்மா காசு கொடுத்துக் கொடுத்துத்தான் சோம்பேறியாக்கிவிட்டது என்று நான் சொன்னால் என் மகன் சண்டைக்கு வாறான். யார் சொல்வது சரி?

உங்கள் மகன் பக்கம்தான் நான், கோபப்படாதீர்கள். நீங்கள் சொல்கிற அந்தச் சும்மா காசு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மாதாமாதம் கூட கைக்கு வராது, 3 மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். மொத்தம் 3 வருஷம், அதோடு முடிந்தது. வயது 40-க்குள் இருக்க வேண்டும் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 45), குடும்ப ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக் கூடாது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது. இதற்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை இருக்கிறது: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதாவது ஒரு பட்டதாரி 5 வருஷம் சும்மா இருந்தால், அதற்கப்புறம் ஒரு நாளைக்கு 20 ரூபாய் வீதம் கிடைக்கும். மார்த்தாண்டத்தில் அந்தக் காசுக்கு ஒரு டீயும் ஒரு பழம்பொரியும் வருமா என்பதே சந்தேகம். இதை நம்பி ஒருவன் வேலைக்குப் போகாமல் இருக்கிறான் என்றால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது, கணக்குத் தெரியாதவன் என்றுதான் சொல்ல வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் கணக்குத் தெரியாதவர்கள் குறைவு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது.

பால் வெட்ட ஏன் ஆள் வருவதில்லை என்பது வேறு கதை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விடியும் முன்னே எழுந்து போகிற வேலை, நம் ஊருக்கோ இரண்டு பருவமழையும் உண்டு, மழை பெய்தால் வெட்டு இல்லை, இலை உதிர்கிற காலத்தில் மரத்துக்கு ஓய்வு, அப்போதும் வெட்டு இல்லை. வருஷத்தில் எத்தனை நாள் கூலி வரும் என்று சொல்ல முடியாத ஒரு வேலையை, எம்.ஏ. படித்த பையனை விடுங்கள், கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவனே எடுக்க மாட்டான்.

உதவி கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1834-இல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது, உதவி வாங்குகிறவனின் நிலை மிகக் கீழான கூலிக்காரனின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்று கொள்கையாகவே வைத்தார்கள், உதவி கேட்டு வந்தவர்களைக் குடும்பத்தைப் பிரித்து விடுதிகளில் அடைத்தார்கள். அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. பின்லாந்தில் 2017, 2018 இரண்டு வருஷமும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையும் இல்லை, வேலை கிடைத்தாலும் காசு நிற்காது. அவர்கள் காலை நீட்டிப் படுத்துவிடவில்லை. மற்ற வேலையில்லாதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்தார்கள், மனசும் தெளிவாக இருந்தது என்று முடிவு வந்தது. கூடுதல் என்றால் பிரமாதமான கூடுதல் இல்லை, ஆனால் குறையவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு வேண்டியது.

தக்கலை வாசகி: எம்.எஸ்சி., பி.எட். முடித்து 9 வருஷம் ஆகிறது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் இன்னும் அரசு வேலை இல்லை. இப்போது தனியார் பள்ளிகளுக்குப் போனாலும் "இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டு இருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். கல்யாணம், இரண்டு குழந்தைகள், படிப்பு என்று சொன்னால் முகம் மாறுகிறது. நான் என்ன பதில் சொல்ல?

தங்கச்சி, முகம் மாறுவது உங்கள் கற்பனை இல்லை, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஏறக்குறைய 12,000 போலி விண்ணப்பங்களைத் தயார் செய்து நூறு நகரங்களில் 3,000 வேலைகளுக்கு அனுப்பினார்கள். படிப்பும் திறமையும் ஒன்றுபோலவே இருக்கும், வேலையில்லாமல் இருந்த மாதம் மட்டும் மாறும். மாதம் ஏற ஏற நேர்முகத்துக்கு வரும் அழைப்பு குறைந்தது, அதுவும் முதல் 8 மாதத்தில்தான் சரசரவென்று இறங்கியது. 2013-இல் வெளியான ஆய்வு இது. படிக்கும்போது எனக்கு நம் 5 வருஷ விதிதான் ஞாபகம் வந்தது. கதவு சாத்துவது முதல் வருஷத்துக்குள், அரசு வந்து தட்டுவது ஆறாம் வருஷத்தில்.

உங்களைப் போன்றவர்கள் காத்திருந்ததற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2006-இலிருந்து 2011 வரை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புப்படிதான் ஆசிரியர்களை எடுத்தார்கள், அப்போது காத்திருந்தவருக்கு வேலை வந்தது, உங்கள் தெருவிலேயே அப்படி வேலைக்குப் போன டீச்சர் இருப்பார். 2012-இல் டெட் வந்தது. 2018-இல் டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வும் வேண்டும் என்று ஆணை போட்டார்கள். 2021-இல் டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். ஓடுகிறவர்களிடம் சொல்லாமல் எல்லைக் கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் யார்தான் என்ன செய்வது! ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: பதிவு மூப்பை நம்பி இருந்த காலம் போய்விட்டது. அதை அலுவலகத்தில் யாரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வதில்லை.

பதிலுக்கு வருகிறேன். 9 வருஷம் ஒன்றுமே செய்யவில்லை என்று நீங்களே நம்பிவிட்டீர்கள் போலத் தெரிகிறது. உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்ததாகவும் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது வேலை இல்லையா? மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைதான் என்றாலும் அது அரசுத் திட்டத்தில் பாடம் நடத்திய அனுபவம். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எழுதுங்கள். "என்ன செய்தீங்க?" என்று கேட்டால் கல்யாணத்தில் ஆரம்பிக்காதீர்கள், டியூஷனில் ஆரம்பியுங்கள். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பதையும் விட வேண்டாம், அதை மட்டுமே செய்துகொண்டு இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு பள்ளியில் சேர்ந்துகொண்டு படிக்கிறவர்கள் தோற்றுப்போவதில்லை.

சம்பளம் குறைவாகச் சொல்வார்கள். அது வேறு சண்டை, அதை உள்ளே போய்ப் போடலாம்.

அருமனை வாசகி: என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் தினமும் வேலை தேடினார், இப்போது பத்து மணி வரை படுக்கை, அப்புறம் போன். திட்டினால் ஒன்றும் பேசுவதில்லை. மாமியார் செய்வினை என்கிறார். நான் முந்திரி ஆலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்கிறேன். இவரை எப்படி எழுப்புவது?

செய்வினையும் இல்லை, சோம்பலும் இல்லை அக்கா. உங்கள் வீட்டில் நடப்பது 90 வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரியாவில் ஓர் ஊர் முழுக்க நடந்தது. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர், ஒரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது, உலகமே பொருளாதாரத்தில் விழுந்த நேரத்தில் ஆலையை மூடினார்கள். ஆராய்ச்சியாளர்கள் சிலர் 1931-32 வாக்கில் அங்கே போய்த் தங்கிப் பார்த்தார்கள். வேலை போனதால் நேரம் நிறைய இருக்கிறதே, ஜனங்கள் நிறையப் படிப்பார்கள், கூட்டம் போடுவார்கள் என்று எதிர்பார்க்கத்தானே தோன்றும்? நடந்தது தலைகீழ். நூலகத்தில் புத்தகம் எடுப்பதே பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கிற வேகத்தைக் கூடக் கைக்கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெதுவாக, நடுநடுவே நின்று நின்று போனார்கள், பெண்கள் வேகமாகப் போனார்கள், அவர்களுக்குத்தான் வீட்டு வேலை ஓயவே இல்லையே. காலையில் எழுந்ததிலிருந்து மதியம் வரை என்ன செய்தாய் என்று கேட்டால் ஆண்களால் சொல்ல முடியவில்லை. முதலில் தேடுவது, பிறகு அலுப்பது, பிறகு தேடுவதையே நிறுத்திவிடுவது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது நிற்பது அந்த மூன்றாம் இடம்.

கதை அதோடு முடியவில்லை. மரியன்தால் இருக்கிற அதே கிராமாட்நாய்சீடல் ஊராட்சியில் 2020 அக்டோபரில் ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாத எல்லோருக்கும், கேட்டால் வேலை உறுதி. முதலில் சில வாரம் பயிற்சி, தனித்தனியாக உட்கார்ந்து பேச்சு, அப்புறம் ஊரிலேயே சம்பளத்தோடு வேலை. தோட்டம், தச்சு, பழையதைப் பழுது பார்த்தல், ஊராட்சி வேலை, அல்லது தனியார் நிறுவனத்தில் அரசு சம்பளத்தில் பங்கு கொடுத்து ஓர் இடம். அந்த வேலை வேண்டாம் என்றால் உதவித்தொகை நிறுத்தப்படாது. கட்டாயம் இல்லை என்று சொன்ன பிறகும் கிட்டத்தட்ட எல்லோரும் வந்தார்கள், அந்த ஊரில் நீண்டகால வேலையின்மையே ஏறக்குறைய ஒழிந்துபோனது. காசு கூடியது மட்டும் இல்லை, காலையில் எழுவதற்கு ஒரு காரணம் வந்தது, ஊரில் நாலு பேர் மதித்துப் பேசினார்கள் என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு அந்தத் திட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அவரிடம் "வேலை தேடு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள், அது அவர் தோற்றுப்போன விஷயம், கேட்கும்போதெல்லாம் அந்தத் தோல்விதான் ஞாபகம் வரும். நேரம் குறித்த ஒரு காரியம் கொடுங்கள். காலை 7 மணிக்குப் பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு, சும்மா உதவிக்கு இல்லை, அவர் போகாவிட்டால் பிள்ளை போகாது என்கிற மாதிரிப் பொறுப்பு. அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடமோ மேஸ்திரியிடமோ நீங்களே பேசி, வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்குச் சொல்லி வையுங்கள், கோயம்புத்தூர் சம்பளத்தில் கால்வாசி கிடைத்தாலும் போதும். முழு வேலைக்குக் காத்திருந்தால் அது வரவே வராது. நாளெல்லாம் படுக்கை, சாப்பாடும் இறங்கவில்லை, சாவைப் பற்றிப் பேச்சு என்று ஆகிவிட்டால் மட்டும் தாமதம் வேண்டாம், மாவட்ட மனநலத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் பார்க்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள். மாமியாரிடம் செக்கப் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். கம்பெனியை மூடினால், சம்பளத்தில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா பிடித்தார்களா என்று பாருங்கள். 2018 ஜூலையிலிருந்து இஎஸ்ஐ-யில் அடல் பெயரில் ஒரு உதவி உண்டு, வேலை போனால் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள், ஆயுளில் ஒரு முறைதான். ஆலை மூடல், ஆட்குறைப்பு என்றால் ராஜீவ் காந்தி பெயரில் உள்ள இன்னொரு திட்டத்தில் 24 மாதம் வரைகூட உண்டு. சந்தா கட்டிய காலத்துக்கு நிபந்தனை இருக்கிறது, கேட்டுப் பார்க்க வேண்டியது அலுவலகத்தில். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, இருந்தாலும் பழைய இஎஸ்ஐ எண்ணோடு நாகர்கோவில் போய் ஒரு தடவை விசாரித்துவிடச் சொல்லுங்கள். அதுவும் அவர் வெளியே போக ஒரு காரணம்தானே.

ஆரல்வாய்மொழி வாசகர்: நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். அதை ஒழித்தால் செங்கல் சூளைக்கு ஆள் வரும் அல்லவா?

சூளைக்கு இப்போது வடக்கிலிருந்து ஆள் வருகிறது, நூறு நாள் வேலையில் இருக்கிற 60 வயது ஆச்சி சூளைக்கு வர மாட்டார்.

ஒழிக்கவில்லை, மாற்றியிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தில் 100 நாள் 125 ஆனது, ஆனால் விதைப்பு, அறுவடை நேரத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று நீங்கள் விரும்புகிற மாதிரியே ஒரு பிரிவும் வைத்திருக்கிறார்கள், செலவில் மாநிலத்தின் பங்கும் 40 சதவீதம் என்று ஆகிவிட்டது. பழைய 2005 சட்டத்தில் பலருக்குத் தெரியாமலே போன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன் பிறகு பாதி. அதைக் கேட்க முதலில் வேலை கேட்டு மனு எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். எங்கள் பக்கம் ரசீது கேட்டவரை நான் பார்த்ததில்லை. சட்டத்தில் இருந்தும் கேட்கப்படாமல் போன உரிமைகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை.

மார்த்தாண்டம் வாசகர்: லண்டனில் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் நல்ல காசு கொடுக்கிறது, அதையே இப்போது சீர்திருத்தம் என்று குறைக்கிறார்கள் என்று அங்கே இருக்கிற என் மச்சினன் சொல்கிறான். அங்கே என்னதான் நடக்கிறது?

முதலில் மச்சினனிடம் ஒன்று கேளுங்கள், அவர் வேலை விசாவில் இருக்கிறாரா என்று. அப்படி என்றால் அந்தக் காசில் ஒரு பைசா அவருக்குக் கிடையாது, விசாவிலேயே எழுதியிருக்கும்.

அங்கே பெரிய மாற்றம் வந்தது 2013-இல். தனித்தனியாக இருந்த பல உதவிகளைச் சேர்த்து யுனிவர்சல் கிரெடிட் என்று ஒன்றாக்கினார்கள். வேலை தேடுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், வாரம் 35 மணி நேரம் வரை தேடியதாகக் காட்ட வேண்டும், சந்திப்புக்குப் போகாவிட்டால் காசில் வெட்டு. முதல் காசு வருவதற்கே 5 வாரம் ஆகும். இந்தக் கெடுபிடியைப் பற்றி அங்கே பெரிய சண்டை. எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று, நம் ஊரில் யாரும் பேசாத ஒன்று. வேலை கிடைத்த உடனே உதவி மொத்தமாக நிற்காது, மெல்ல மெல்லக் குறையும். முதலில் 100 பவுண்டு சம்பாதித்தால் உதவியில் 65 பவுண்டு குறைத்தார்கள், 2017-இல் அதை 63 ஆக்கினார்கள், 2021 கடைசியில் 55 ஆக்கினார்கள். அதாவது 100 சம்பாதித்தால் 45 கையில் நிற்கும். 45 போதுமா என்று கேட்டால் போதாதுதான், ஆனால் வேலைக்குப் போனால் நஷ்டம் என்ற நிலை இல்லை.

நம்மிடம் சரிவு கிடையாது, பாறை விளிம்புதான். வருமானச் சான்றில் 72,000 என்று இருந்தால் உண்டு, 72,001 என்று இருந்தால் இல்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு எல்லை. அதனால்தான் கையில் காசாகக் கொடுங்கள், கணக்கில் போடாதீர்கள், பிஎஃப் பிடிக்காதீர்கள் என்று நம் ஜனங்களே முதலாளியிடம் கேட்கிறார்கள். முதலாளிக்குக் கொண்டாட்டம். 2 வருஷம் வேலை பார்த்தாலும் பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது, அடுத்த இடத்தில் "இத்தனை வருஷம் என்ன செய்தீங்க?" என்ற கேள்வி. தக்கலை தங்கச்சியின் கதைக்குத் திரும்பி வந்துவிட்டோம் பாருங்கள்.

அமெரிக்காவில் 1996-இல் இன்னும் கடுமை. ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய உதவி ஆயுளில் மொத்தமே 5 வருஷம்தான் என்று வரம்பு வைத்தார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மார் நிறையப் பேர் வேலைக்குப் போனது உண்மை. ஆனால் அந்தச் சமயம் அங்கே பொருளாதாரமும் நன்றாக ஓடியது, குறைந்த சம்பளக்காரர்களுக்கு வரி வழியாகக் கையில் பணமும் கூட்டிக் கொடுத்தார்கள். குச்சியால்தான் வண்டி ஓடியது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சொல்லாமல் விடுவார்கள்.

குளச்சல் பக்கமிருந்து ஒரு வாசகர்: 19 வருஷம் வளைகுடாவில் இருந்தேன். வயது 47. ஊருக்கு வந்து எங்கே கேட்டாலும் வயதாகிவிட்டது என்கிறார்கள். உதவித்தொகையும் கிடையாதாம். எனக்கு வழி உண்டா?

அந்த உதவித்தொகைக்கு 40 தாண்டிவிட்டது, அதை மறந்துவிடலாம். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் வயது உச்சவரம்பு இல்லை. புதிதாகத் தொழில் தொடங்க, உற்பத்தி என்றால் 50 லட்சம் வரை, சேவை என்றால் 20 லட்சம் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடனோடு மானியம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 35 சதவீதம். நம் கடற்கரையில் இந்த 35 சதவீதப் பிரிவுக்குள் வராதவர்கள் மிகக் குறைவு. அந்தப் பிரிவினர் கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியம் உடனே கைக்கு வராது, 3 வருஷம் வங்கியில் பூட்டி வைத்திருப்பார்கள், அதுவரை தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வேலை போனவனையெல்லாம் முதலாளி ஆகு என்பதுதான் நம் அரசுகளின் ஒரே வைத்தியம், மாநிலத் திட்டத்தை எடுத்தாலும் மத்தியத் திட்டத்தை எடுத்தாலும் கடைசியில் கடன் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். 19 வருஷம் மாதச் சம்பளத்தில் இருந்தவருக்கு யாவாரம் வருமா? நீங்கள் அங்கே ஏசி மெக்கானிக் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் வாங்கிக் கடை போடுவதற்கு முன்னால், நாகர்கோவிலிலோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலோ ஏற்கெனவே சர்வீஸ் எடுத்து நடத்துகிறவரிடம் ஒரு சீசன் வேலைக்கு நில்லுங்கள், மாசியிலிருந்து வைகாசி வரை அவர்களுக்கு ஆள் போதாது. வாடிக்கையாளர் யார், உதிரி எங்கே மலிவு, யார் காசு இழுத்தடிப்பார்கள் என்று அங்கேதான் தெரியும். "அங்கே நான் போர்மேன்" என்ற நினைப்பை மட்டும் அந்த நாலு மாதத்துக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ராஜாக்கமங்கலம் வாசகி: வேலைவாய்ப்பு முகாமில் பணி ஆணை கொடுத்தார்கள், போட்டோ எல்லாம் எடுத்தார்கள். போய்ப் பார்த்தால் வெளியூரில் வேலை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போக மிச்சம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். இப்போது என்னைச் சோம்பேறி என்கிறார்கள்.

முகாமில் எத்தனை ஆணை கொடுத்தோம் என்றுதான் கணக்கு எழுதுகிறார்கள், 6 மாதம் கழித்து எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று யாரும் போன் செய்து கேட்பதில்லை. பிரிட்டனில் 2011-இல் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள், ஆளை வேலையில் சேர்த்து நிலைக்க வைத்தால்தான் ஒப்பந்தக்காரருக்கு முழுக் காசு என்றார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒப்பந்தக்காரர்கள் சுலபமாக வேலை கிடைக்கக்கூடியவர்களை முன்னால் பிடித்துக்கொண்டு, உடம்பு சரியில்லாதவர், வயதானவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று நிறையக் குற்றச்சாட்டு வந்தது. எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும். அடுத்த முகாமில் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், தராதவரிடம் ஆணை வாங்காதீர்கள்.

கருங்கல் வாசகர்: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதானா?

3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கும், அப்போது மூப்போடு திரும்பக் கிடைக்கும். கோணத்தில் இருக்கிற வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகிற அன்றைக்கு தன்னார்வப் பயிலும் வட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள், போட்டித் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். பதிவை விட அதில்தான் பலன் அதிகம்.

இறச்சகுளம் வாசகி: பத்தாம் வகுப்புத் தேறியவள், மாதம் 300 உதவித்தொகை வாங்குகிறேன், இன்னும் 14 மாதம் பாக்கி. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கூப்பிடுகிறார்கள். போனால் உதவித்தொகை போய்விடும், பதிவும் போய்விடும் என்று தோழி பயமுறுத்துகிறாள்.

உதவித்தொகை நிற்கும், அது வேலையில் இல்லாதவர்களுக்கானது, வருஷா வருஷம் நீங்கள் கொடுக்கிற உறுதிமொழிப் படிவத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். கடையில் நின்றுகொண்டு இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பதிவு போகாது, தனியார் கடையில் வேலை பார்ப்பதால் அரசு வேலைக்கான பதிவை யாரும் அழிக்க மாட்டார்கள். பாக்கி 14 மாதத்துக்கு வரப்போவது மொத்தமே 4,200 ரூபாய், அதைக் கடையில் எத்தனை நாளில் எடுப்பீர்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். போய்ச் சேருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைதானே, இஎஸ்ஐ பிடிப்பார்களா என்று முதல் நாளே கேளுங்கள், சம்பளம் வங்கியில் போடச் சொல்லுங்கள்.